படம் கட்டாயம்

மூன்றாம் நம்பர் குலுக்கியின் மோட்டாரில்
ஒரு சத்தம்.
முதலில் கேட்டவர் அர்த்தனாரி.
'உள்ள யாரோ நெல்லிக்காய் மெல்லுற மாதிரி இருக்குதுங்க மேடம்.'
காதை வைத்தேன்.
எனக்கு வேறு மாதிரி கேட்டது:
என் மகன் தூக்கத்தில் பல் கடிப்பானே,
அந்த மாதிரி.

செயலியைத் திறந்தேன்.
ஆலை: அயோத்தியாப்பட்டணம்.
இயந்திரம்: குலுக்கி மூன்று.
அவசரம்: நடுத்தரம்.
பழுது: சத்தம்.
படம்: பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
அந்தக் கட்டம் நிரம்பாத வரை
அனுப்பு என்கிற பொத்தான்
சாம்பல் நிறத்தில் படுத்தே கிடக்கும்.

எடுத்தேன்.
பச்சை பெயிண்ட், மாவு அப்பிய விசிறி மூடி,
ஓரத்தில் அர்த்தனாரியின் ரப்பர் செருப்பு.
மெய்யனூர் ஆபீஸிலிருந்து மத்தியானம் பதில்:
படத்தில் பழுது தெரியவில்லை. நிராகரிக்கப்பட்டது.

தெரியாதுதான்.
படத்தில் அது நல்ல மோட்டார்.
பெண் வீட்டாருக்கு அனுப்பி வைக்கலாம்.

மறுநாள் கிட்டப் போய் எடுத்தேன்,
நட்டு போல்ட்டு, தகட்டில் அடித்த குதிரைத்திறன்.
நிராகரிக்கப்பட்டது.
புதன்கிழமை மூடிமேல் கையை வைத்து எடுத்தேன்.
அதிர்வு முழங்கை வரை ஏறியது.
படத்தில் கை இருந்தது, வளையல் இருந்தது,
வெளிச்சம் போதவில்லை என்று குறிப்பும் வந்தது.

அந்தக் கட்டம் வீடியோ வாங்காது.
குரல் வாங்காது.
இரண்டு எம்பிக்குள்,
அசையாத ஒன்று வேண்டும் அதற்கு.

போன் போட்டேன். சின்னப் பெண் குரல்.
'இந்தா, நீயே கேளும்மா' என்று
போனை மோட்டாரிடம் நீட்டினேன்.
கொஞ்ச நேரம் மூன்று பேரும் பேசவில்லை.
'கேக்குதுக்கா,' என்றாள்.
'ஆனா கேட்டதை நான் எங்க ஏத்தறது?'

வியாழன் ராத்திரி ஷிப்ட்.
புளித்த மாவு வாடை, பாதி டியூப்லைட்.
டெர்மினல் பெட்டிமேல் அர்த்தனாரி
சோற்று டப்பாவின் மூடியை வைத்திருந்தார்.
கந்தாயி தட்டை மாற்றும்போது
சிந்திய ஈர ஜவ்வரிசி
ஒரு பிடி அதில் விழுந்தது.
விழுந்ததும் ஆடத் தொடங்கியது.

'நகராதீங்க' என்று கத்திவிட்டேன்.
இருட்டில் என் பழைய போன்
கண்ணை மூடவே நேரம் எடுக்கும்.
அந்த நேரம் போதுமாயிருந்தது.
மூடி மூடியாக இருந்தது.
பெட்டி பெட்டியாக இருந்தது.
ஜவ்வரிசி மட்டும்
மணி மணியாக இல்லாமல்
கோடு கோடாக இழுபட்டிருந்தது.

சிக்னலுக்குக் களத்துக்கு வந்தேன்.
வடக்கே சேர்வராயன்மேல் ஒரு வண்டி ஏறிக்கொண்டிருந்தது,
வளைவுக்கு வளைவு காணாமல் போய்
கொஞ்சம் மேலே மறுபடி தெரிந்தது.
நாற்பது சதவீதம்.
வெகுநேரம் நாற்பது.
அறுபத்தெட்டு.
வண்டி மேலே போய்ச் சேர்ந்ததா தெரியாது,
படம் போய்ச் சேர்ந்தது.

வெள்ளி காலை ஒப்புதல்.
சனிக்கிழமை சூரமங்கலத்து ஃபிட்டர் ஆரோக்கியம் வந்து
பேரிங்கைக் கழற்றி என் கையில் கொட்டினார்.
எஃகு ஜவ்வரிசி, கறுத்துப்போய்.
ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது.
'இன்னும் நாலு நாள் விட்டிருந்தா...' என்று தொடங்கியவர்
டீ வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

கோரிக்கையை முடிக்கவும் படம் கட்டாயம்.
அதே மூடி, அதே பெட்டி,
குலுக்கி ஓடிக்கொண்டிருக்க
ஒரு பிடி ஜவ்வரிசி.
அனுப்பிவிட்டு யோசித்தேன்,
எதுவும் நடக்காததைத்தானே எடுத்திருக்கிறேன்,
இதில் என்ன தெரிகிறது என்று கேட்டால்?

சாயங்காலம்
குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி,
ஆபீஸ் பாஷையில் இல்லை:
மணியெல்லாம் உக்காந்திருக்குக்கா. மூடிட்டேன்.

அன்று ராத்திரி மகன் பல் கடித்தான்.
போனை எட்டிப் பிடித்த கை
பாதியில் நின்றது.
விளக்கைப் போடாமல்
கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.